பீர்க்கங்காய் மூடி

சகாதேவன் வீட்டில் எந்தப் பாத்திரத்துக்கும் அதனுடைய மூடி கிடையாது. மோர்ச் சட்டியின் மேல் ஒரு கத்தரிக்காய் கிடக்கும். உப்பு ஜாடியின் மேல் பாதி குடித்து வைத்த டீ கிளாஸ். புளிப் பானையின் மேல் இரண்டு எலுமிச்சம்பழம், அதில் ஒன்று அறுத்தது. எல்லாம் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தகரத் துண்டுகள். அவற்றின் மேல் எனாமல் பெயின்டில் போட்ட படங்கள். மேலே இருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இருக்காது. விருந்துக்கு வந்தவர்கள் தக்காளியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே அரிசி இருக்கும். அவர் மனைவி தனத்துக்கு மட்டும் ஒரு நாளும் கை தவறியதில்லை.

“கல்யாணத்துக்கு எங்க வூட்ல ஆறு பித்தள மூடி குடுத்தாங்க. ஒண்ணொண்ணா எங்க போச்சுனே தெரியல. இந்தத் தகரம் மட்டும் எவ்ளோ குடுத்தாலும் கம்மியாவ மாட்டேங்குது” என்பார் தனம்.

சகாதேவன் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெயின்ட் அடிப்பவர். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் ரோட்டில், வேங்கிக்கால் ஏரிக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் வேலை. வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே. கிழக்குப் பக்கச் சன்னலைத் திறந்தால் ரோடு. மேற்குப் பக்கம் திறந்தால் மலை. மலையைப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்து நல்ல வெளிச்சம் வரும் என்பதால்தான் அந்தச் சன்னலைத் திறந்து வைப்பார்.

தண்டராம்பட்டுப் பக்கம் மணிலாக்கடலை பயிரிடும் குடும்பம் அவருடையது. வர்ணத்தை முதலில் தொட்டது மாட்டுக் கொம்பில். பதினைந்து வயதில், ஒரு மாட்டுப் பொங்கலன்று, தெருவிலிருந்த அத்தனை கொம்புகளுக்கும் அவரே அடித்தார். மாடு தலையை ஆட்டுவதற்குள் கோட்டை முடித்துவிட வேண்டும். அப்புறம் வண்டிச் சக்கரம், கதவு, ஏர்க்கால். பத்தொன்பது வயதில் டவுனுக்கு வந்து லாரி ஷெட் ஒன்றில் உப்புத்தாள் தேய்க்கும் வேலையில் சேர்ந்தார். எழுத்து எழுத யாரும் சொல்லித் தரவில்லை. கடைத் தெருவில் போர்டுகளுக்கு முன்னால் நின்று, எழுத்தின் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பார். கடைக்காரர்கள் இவன் கடன் கேட்க வந்து தயங்கி நிற்கிறான் என்று நினைத்து உள்ளே போய்விடுவார்களாம்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய பெயின்டின் மேல் புதுப் பெயின்ட் அடிக்க மாட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தகரம் வெள்ளையாகப் பளிச்சிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரைமர், பள்ளத்தை நிரப்பப் பட்டி, மறுபடி தேய்ப்பு, அப்புறம் கலர். மற்ற ஷெட்டில் நான்கு நாளில் முடியும் வண்டி இவரிடம் பத்து நாள் நிற்கும். ஆனால் நான்கு வருஷம் கழித்தும் உரியாது. பொறுமை இருந்தவர்கள் இவரிடம் வந்தார்கள். இல்லாதவர்கள் வேறு இடம் போனார்கள். அவருக்கு இரண்டும் சம்மதம்.

சின்னப் படங்கள் போடும் பழக்கம் எழுபதுகளின் ஆரம்பத்தில் வந்தது. கலந்த பெயின்டில் தினமும் சாயங்காலம் கொஞ்சம் மிஞ்சும். கொட்டாங்குச்சியின் அடியில் ஒரு கரண்டி அளவு. அதை டின்னில் திரும்ப ஊற்றினால் டின்னே கெட்டுவிடும். அப்படியே விட்டால் காலையில் பால் மாதிரி ஆடை கட்டியிருக்கும். கீழே கொட்ட மனம் வராது. எண்ணெய் டின்னை வெட்டி எடுத்த தகரத் துண்டுகள் ஷெட்டில் எப்போதும் கிடந்தன. ஒரு நாள் மேற்குச் சன்னல் பலகையில் தனம் ஒரு கத்தரிக்காயை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்து மிச்சப் பெயின்டை ஒரு துண்டில் தடவினார். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு மேல் சன்னலில் ஏதாவது ஒன்று உட்காரும். வெங்காயம், முருங்கைக்காய், தூக்குவாளி, சாப்பிட்டு மிஞ்சின வாழைப்பழம், எதுவும் கிடைக்காவிட்டால் அவருடைய பீடிக் கட்டு.

அதற்கென்று சில கட்டுப்பாடுகளும் வைத்திருந்தார். புது டின் திறக்கக் கூடாது. அன்றைய மிச்சம் என்னவோ அதில்தான் படம். ஒரு நாள் நீலமும் வெள்ளையும் மட்டும் இருந்தன; வாழைப்பழம் நீலமாகவே வந்தது. தனம் அதைப் பார்த்துவிட்டு, “பழத்துக்கு ஜொரமா?” என்று கேட்டார். ஆனாலும் அது வாழைப்பழம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சகாதேவனை அது பல நாள் யோசிக்க வைத்தது.

முதல் இரண்டு வருஷப் படங்களில் எல்லாவற்றுக்கும் கறுப்பில் ஓரம் கட்டியிருப்பார். போர்டு எழுதுகிற கை. மேலே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் பளபளப்பு. பிறகு ஓரம் போயிற்று. எனாமலில் ஒரு தடவை வைத்ததன் மேல் ஈரத்தோடு இன்னொரு தடவை போனால் இரண்டும் கலங்கிச் சேறாகும். அதனால் வைத்த இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடப் பழகினார். வெளிச்சம் படும் பக்கம் ஒரு இழுப்பு, நிழலுக்கு ஒரு இழுப்பு, காம்புக்கு ஒன்று. இடையில் தகரத்தின் பிரைமர் தெரிந்தாலும் விட்டுவிடுவார். பஸ்ஸில் நூலிழை பிசகினாலும் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறவர், சாயங்காலத்தில் மட்டும் பிசகை அப்படியே விட்டுவைத்தார். கால் மணி நேரத்தில் முடியும். முடிந்ததும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டுக் கை கழுவப் போவார். படத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காய்ந்ததும் தனம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எழுபத்தாறில் கண்ணாயிரம் ஒரு பஸ்ஸோடு வந்து நின்றார். பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, பெண்டாட்டி வீட்டு நிலத்தை விற்று, சொந்தமாக வாங்கிய ஒரே வண்டி. டவுனிலிருந்து தானிப்பாடி போகும் லைன். பெரிய மீசை, சின்னக் குரல்.

“பெயின்டரே, பச்ச வேணும். ஆனா இந்தப் பச்ச எவன் வண்டியிலயும் இருக்கக் கூடாது.”

“எதுக்குங்க முதலாளி?”

“நம்ம லைன்ல ஏர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு போர்டு படிக்க மாட்டாங்க. வண்டி ஏரிக்கரைக்கு அந்தண்ட வர்றப்பவே நம்ம வண்டினு தெரியணும். மூட்டையைத் தலைக்கு ஏத்த டயம் வேணுமில்ல?”

சகாதேவன் ஒரு முழு நாள் கலந்தார். பாட்டில் பச்சை, எலுமிச்சை மஞ்சள், துளிக் கறுப்பு, அதைவிடக் குறைவாக நீலம். கணக்கு எதுவும் எழுதிவைக்கவில்லை, கண்தான் கணக்கு. கடைசியில் வந்த பச்சையைப் பார்த்துக் கண்ணாயிரம் மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் பச்சையில் ஒரு தகரத் துண்டை இரண்டு கோட்டிங் அடித்து, காய வைத்து, செய்தித்தாளில் சுற்றி, மாதிரி என்று சகாதேவனிடமே பத்திரமாக வைக்கச் சொன்னார். வண்டி வெயிலில் வெளுத்துவிடும், மாதிரி வெளுக்காது. எண்பதில் மறுபடி பெயின்ட் அடித்தபோது அந்த மாதிரியைப் பார்த்துத்தான் கலந்தார். ஒரு கரண்டிகூட மிஞ்சாமல் வண்டிக்கே சரியாகப் போனது.

தானிப்பாடி ரோட்டில் அது பச்ச வண்டி என்றே ஆகிவிட்டது. வண்டியின் பெயரைக் கேட்டால் கண்டக்டர் வேடியப்பனே ஒரு நிமிஷம் யோசிப்பான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம் முன்னால், வண்டி மூன்றாவது தடவை ஷெட்டுக்கு வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வேலூரில் எஃப்.சி. பரிசோதனை; மறுநாள் கோயிலில் கொடியேற்றம். கொடி ஏறினால் பத்து நாளைக்கு ஊரே பஸ்ஸில்தான் இருக்கும். போதாததற்கு அதே லைனில் புதிதாக இன்னொரு வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. அதுவும் பச்சை. இலைப் பச்சை.

“கிட்ட வந்தா வித்தியாசம் தெரியுது. தூரத்துல அவன் வண்டியும் பச்ச, வெளுத்துப்போன நம்ம வண்டியும் பச்ச. நம்ம வண்டியிலயே வர்ற கன்னியம்மா போன வாரம் அதுல ஏறி உக்காந்துக்கினு என்னியத் தேடியிருக்கு” என்றான் வேடியப்பன்.

“பழைய பச்ச வந்தா யாரும் ஏமாற மாட்டாங்க. இவருகிட்ட மாதிரி இருக்குது” என்றார் கண்ணாயிரம்.

சகாதேவன் வழக்கம்போலத் தேய்த்தார். ஒரு வாரம். ஏணியைக் கழற்றி அதற்கு அடியில், நம்பர் பிளேட்டைக் கழற்றி அதற்கு அடியில், கதவு இடுக்கில், எங்கும் பழைய பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் வெள்ளைத் தகரம். பிரைமரும் பட்டியும் முடிந்து, கலர் கலக்க வேண்டிய வியாழக்கிழமை காலையில் பரணிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

பரணின் மூலையெல்லாம் தேடினார். பிறகு, தேடுவதை நிறுத்திவிட்டு, சன்னலுக்குக் கீழே இருந்த தகர அடுக்குக்குப் போனார். படம் போட வைத்திருந்த துண்டுகள், பதினைந்து இருக்கும். ஆடி மாதம் வேலை இல்லாத ஒரு மத்தியானம், அவற்றை மொத்தமாக உட்கார்ந்து தேய்த்துப் பிரைமர் அடித்தது ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் பரணைச் சுத்தம் செய்தார். பொட்டலம் அவிழ்ந்து தகரம் கீழே விழுந்திருக்க வேண்டும். அடுக்கில் ஒரு துண்டு மட்டும் ஓரம் மடித்ததாக இருந்தது. மாதிரித் தகரத்துக்கு மட்டும்தான் ஓரத்தை மடிப்பார்.

ஆணியால் பிரைமரைச் சுரண்டினார். அடியில் பச்சை இல்லை. வெள்ளைத் தகரம். சாயங்காலப் படத்துக்கான துண்டைக்கூடப் பழைய பெயின்ட் தெரிய விட்டுவைக்க அவரால் முடிந்ததில்லை.

வெள்ளியும் சனியும் ஞாபகத்திலிருந்து கலந்தார். ஒன்று கறுத்தது. ஒன்று மஞ்சள் தூக்கியது. ஒன்று சரி என்று தோன்றியது. காய்ந்தபின் பார்த்தால் அடுத்தவன் வண்டியின் இலைப் பச்சைக்குத் தம்பி மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாயிரம் வேடியப்பனோடு வந்தார். அவர் முன்னால் ஒன்பது துண்டுகளை வரிசையாக வைத்தார் சகாதேவன்.

“இதுல எது நம்மளது?” என்றார் கண்ணாயிரம்.

“எதுவும் இல்லீங்க முதலாளி. மாதிரியத் தேய்ச்சுட்டேன்.”

“தேய்ச்சுட்டன்னா?”

“படம் போட்ற தகரம்னு நெனச்சு உப்புத்தாள் போட்டுட்டேன். என் தப்புதான்.”

கண்ணாயிரம் ஒன்பது துண்டையும் ஒதுக்கித் தள்ளினார். வேடியப்பன்தான் வாயைத் திறந்தான். “கத்திரிக்கா பொம்மைக்காவ பஸ்ஸையே தேச்சுட்டியேண்ணா. இனிமே வண்டி முன்னாடி ஒரு கத்திரிக்கா வரஞ்சு வுடு. படிக்காதவங்க அதப் பாத்து ஏறட்டும்.”

“நீ சும்மா இர்றா” என்றார் கண்ணாயிரம். அப்புறம் சகாதேவன் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் சின்னதாகியிருந்தது. “புதன்கெழம காலையில வரேன். அந்தப் பச்ச இருந்தா அடி. இல்லாட்டி வண்டிய வேலூருக்கு எடுத்துக்கினு போயி ஏதோ ஒரு கலர் அடிச்சுக்கிறேன். கலர் போனா லைன் போச்சு. தெரியுமில்ல உனக்கு?”

தெரியும். அவருக்கு அதைவிட இன்னொன்றும் தெரியும். பத்து நாள் வண்டியை நிறுத்திவைக்கும் பெயின்டரிடம் ஜனங்கள் வருவது, கொடுத்த பொருள் இருந்த இடத்தில் இருக்கும் என்பதற்காகத்தான்.

அன்று சாயங்காலம் சன்னலில் ஒன்றும் வைக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து தனம் உரிக்கும் மொச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பச்சதானே வேணும்?” என்றார் தனம், தலை நிமிராமல். “அந்த வண்டிக்கு மொதமொதல்ல அடிச்ச அன்னிக்கி மிஞ்சிச்சே.”

“எங்க மிஞ்சிச்சு?”

“ஏங்க, மறந்துட்டீங்களா? பீர்க்கங்கா கடையலாம்னு வாங்கியாந்து வெச்சேன். வந்து பாத்தா சன்னல்ல ஒக்கார வெச்சு படம் போட்டுக்கினு இருக்கீங்க. தொடாத, வெளிச்சம் போயிடும்னீங்க. ராத்திரி வெறும் ரசம். நான் ரெண்டு நாளு பேசல.”

“பேசாம இருந்தியா?”

“பாத்தீங்களா. அதுகூட தெரியல.”

சகாதேவன் எழுந்து உள்ளே போனார். மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். அடுக்களையில் இருந்தவை, கோழிக் கூண்டுக்குச் சார்த்தியவை, எலி வளையில் அடைத்தவை. முப்பத்தெட்டுத் தகரம் வாசலில் பரவியது. சுரைக்காய் இருந்தது, அவரைக்காய் இருந்தது, நீல வாழைப்பழம் இருந்தது. பீர்க்கங்காய் இல்லை.

மொச்சைத் தோலை முறத்தில் தள்ளிவிட்டுத் தனம் யோசித்தார். “பாஞ்சால இட்லிக் கடை போட்டப்ப மூடி இல்லன்னு வந்து நின்னா. நாலஞ்சு குடுத்தேன்.”

பாஞ்சாலை தனத்துக்குத் தூரத்து உறவு. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கடை. திங்கள் காலை சகாதேவன் போய்ச் சேர்ந்தபோது ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து விரலைச் சுட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் சட்னிக் குண்டான். அதன் மேல் ஒரு தகரம், எண்ணெய்ப் புகையில் பழுப்பேறி, என்ன படம் என்றே தெரியாமல்.

“பாஞ்சால, அந்த மூடியக் குடு.”

“இன்னாண்ணா நீ, வந்ததும் வராததுமா. சட்டினியில ஈ உழாதா?”

“ஈய நான் ஓட்றேன். குடு.”

“குடுத்தத வாங்கிக்கினு போற சாதியா நம்ம? தனத்தக்காவுக்குத் தெரியுமா இது?”

“அவதான் அனுப்புனா.”

பாஞ்சாலை நம்பாமல்தான் கொடுத்தாள். பதிலுக்கு ஒரு வாழை இலையைச் சட்னியின் மேல் போட்டு, அது பறக்காமல் இருக்கக் கரண்டியை வைத்தாள். சகாதேவன் அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் துணி நுனியை நனைத்து, தகரத்தின் ஒரு மூலையில் மெதுவாகத் துடைத்தார். பழுப்புக் கரைந்தது. கீழே பீர்க்கங்காயின் வால்.

முழுவதும் துடைக்க அரை மணி ஆயிற்று. இரண்டு இட்லி ஆறிப்போனது. ஏழு வருஷத்துக்கு முந்தின அந்தச் சாயங்காலத்தில் அவரிடம் பச்சையும் கறுப்பும் மட்டுமே இருந்திருக்கின்றன. காயின் பள்ளங்களில் கறுப்புக் கலந்த பச்சை. மேடுகளில் கலக்காத பச்சை. நுனியிலிருந்து காம்பு வரை ஒரே இழுப்பு, சுண்டு விரல் அகலத்துக்கு மூன்று மேடுகள். எதையும் எதோடும் குழைத்து மெழுகவில்லை. போர்டில் எழுதும் காய்க்குச் செய்வதுபோல் வெளிச்சத்தையும் நிழலையும் தடவிச் சேர்த்திருந்தால் அந்தத் தகரத்தில் வண்டியின் பச்சை எங்கும் தனியாக மிஞ்சியிருக்காது.

பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள். “அட, பீர்க்கங்காவா! நான் இத்தினி வருசமா மலைப் பாம்புனு நெனச்சுக்கினு இருந்தேன்.”

சகாதேவன் சிரிக்கவில்லை. பச்சை மஞ்சளித்திருந்தது. வெயில் படாமல் இருட்டில் கிடக்கும் எனாமல் அப்படித்தான் ஆகும். வெயிலில் வைத்தால் அந்த மஞ்சள் தெளிந்துவிடும் என்பது அவர் அனுபவம். அதற்கு நல்ல வெயிலாக இரண்டு நாள் வேண்டும். ஆனால் அது ஐப்பசிக் கடைசி. மலை உச்சியில் மேகம் துணி போட்டு மூடினாற்போல் உட்கார்ந்திருந்தது.

திங்கள் மத்தியானம் ஒரு மணி நேரம் வெயில் வந்தது. செவ்வாய் காலை மழை. சகாதேவன் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு வானம் திறந்தது. அடுத்த ஆறு மணி நேரம் தகரத்தோடு அவரும் நகர்ந்தார். ரோட்டோரம், கிணற்று மேடை, பஸ்ஸின் கூரை, நிழல் வர வர ஒவ்வொரு இடமாக. தனம் சாப்பாட்டைக் கூரைக்கே தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். “கோழிக் குஞ்சு காப்பாத்தற மாதிரி இருக்குது” என்று கொடுத்துவிட்டு இறங்கினார்.

நான்கு மணிக்கு மேற்குச் சன்னலுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். மஞ்சள் போயிருந்தது. கொட்டாங்குச்சியில் கலந்து ஒரு துண்டில் இழுத்து, பீர்க்கங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். ஈரத்தில் ஒன்றாக இருந்தால் காய்ந்தபின் கறுத்துவிடும். அதனால் ஈரத்தில் ஒரு படி வெளுப்பாக இருக்கும்படி மஞ்சளை ஏற்றினார். மூன்று துண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் தொட்டுப் பார்த்தால் இன்னும் ஒட்டியது. அப்படியே வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினார். நன்றாகவே தூங்கினார் என்று தனம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

புதன் காலை கண்ணாயிரமும் வேடியப்பனும் வந்தார்கள். நடுத் துண்டு காய்ந்து, பீர்க்கங்காயின் மேட்டோடு சேர்த்து வைத்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது. கண்ணாயிரம் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பீர்க்கங்காயை மட்டும் பார்த்தார்.

“இது நீ போட்டதா?”

“ஆமாங்க.”

“கிட்டப் பாத்தா ஒண்ணுமே இல்ல, நாலு இழுப்பு. தள்ளி வெச்சா பீர்க்கங்கா.” கையை நீட்டித் தகரத்தைத் தூரமாகப் பிடித்தார். “என் வண்டிக்கும் இதான்யா வேணும். அடி.”

புதன், வியாழன் இரண்டு கோட்டிங். வெள்ளியன்று மழை பெய்தது. ஷெட் வாசலில் தார்ப்பாய் கட்டி, உள்ளே இரண்டு கரி அடுப்பு தள்ளி வைத்து ஈரம் ஏறாமல் காத்தார்கள். சனி, ஞாயிறு எழுத்து வேலை. திங்கள் வேலூரில் எஃப்.சி. முடிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டிப் பார்த்து, “புது வண்டியா?” என்று கேட்டாராம். அதை வேடியப்பன் சொன்னான் என்பதால் பாதி கழித்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, கொடியேற்றத்தன்று, முதல் டிரிப்பில் கண்ணாயிரம் சகாதேவனையும் ஏற்றிக்கொண்டார். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை. தானிப்பாடியிலிருந்து டவுனுக்குத் திரும்பும் நடை. மழை நின்று, வழியில் இருந்த ஏரி தளும்பியிருந்தது. கரையில் வளைவு வரும் இடத்தில் தூரத்தில் ஸ்டாப் தெரிந்தது. புளிய மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தார்கள். நடுவில் ஏரித் தண்ணீர். முகம் தெரியாத தூரம்.

டிரைவர் ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனார். “வேணாம், சும்மா போ” என்றார் கண்ணாயிரம்.

வண்டி வளைவில் திரும்பிப் பக்கவாட்டைக் காட்டியது. மரத்தடியில் முதலில் ஒரு உருவம் எழுந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து கிளம்பித் தலைக்கு ஏறின. வண்டி ஸ்டாப்புக்கு வந்தபோது எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள்.

“இன்னாடா வேடியப்பா, வண்டி தலைக்குக் குளிச்சுட்டு வந்துச்சா?” என்றபடி கன்னியம்மா முதலில் ஏறினாள். “மரத்தடியில இருந்தே பாத்துட்டேன்.”

“அந்த வண்டியில ஏறமாட்டியா இனிமே?”

“அதுல ஏன்டா ஏறப் போறேன், கண்ணு இல்லியா எனக்கு?”

சகாதேவன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். டவுனில் இறங்கும்போது கண்ணாயிரம் கேட்டார்: “அந்தப் பீர்க்கங்காயக் குடுத்துடு. நான் பொட்டியில வெச்சுக்கிறேன்.”

“அது பாஞ்சாலையோடதுங்க முதலாளி. இட்லிக் கடை.”

பாஞ்சாலை விட்டுக்கொடுக்கவில்லை. பஸ்காரர் நேரில் வந்து கேட்டும் சரி, புது எவர்சில்வர் மூடி வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும் சரி. “எவர்சில்வர் சுட்டுடும். இது கைக்குப் பழகிடுச்சு” என்றாள். சகாதேவனுக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. பரணில் வைத்தது காணாமல் போயிற்று. சட்னிக் குண்டானின் மேல் இருந்தது இத்தனை வருஷம் பத்திரமாக இருந்தது. பெயின்ட் அடித்த பக்கம் சட்னியில் படாமல் மேலே இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் கடை மூடினபின் வெயிலில் காய வைக்க வேண்டும், இந்த இரண்டுக்கும் பாஞ்சாலையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவந்தார்.

எண்பத்தாறில் வண்டி மறுபடி ஷெட்டுக்கு வந்தபோது, கொட்டாங்குச்சியோடு செங்கம் ரோட்டுக்குப் போய், நாலு இட்லி சாப்பிட்டு, சட்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பச்சையைக் கலந்தார். கண்ணாயிரமும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பிளேட் சாப்பிடுவார். சாப்பிடும் முன் மூடியை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்ப்பார். “பாம்பு பத்திரமா இருக்குதா?” என்பான் வேடியப்பன்.

மாதிரியைத் தேய்த்த சம்பவத்துக்குப் பிறகு சகாதேவன் ஒரு ஏற்பாடு செய்ய நினைத்தார். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் தேதி, எந்த வண்டி, என்ன கலவை என்று சின்ன பிரஷ்ஷால் அழகாக எழுதிவைத்தார். தகரத்தின் பின்பக்கம் பிரைமர் கிடையாது. தனம் மூடிகளைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறவர். பத்தே நாளில் எழுத்தெல்லாம் போயிற்று. முன்பக்கம் படம் மட்டும் அப்படியே இருந்தது.

“ஏன் தனம், எழுதினது தெரியலியா?”

“கறனு நெனச்சேங்க. ஜாஸ்தி தேச்சாதான் போச்சு.”

தேய்ப்பதைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் யாரையும் குறை சொல்ல வழி இல்லை. அன்றைக்கு ஒரு லாரிக்கு அடித்த சிவப்பு மிஞ்சியிருந்தது, கொஞ்சம் வெள்ளையும். சன்னல் பலகையில் தனம் இரண்டு வெங்காயத்தை வைத்திருந்தார். குழம்புக்கு வேண்டியது தனியே உள்ளே இருந்தது. பீர்க்கங்காய்க்குப் பிறகு எதையும் இரண்டு பங்காகத்தான் வாங்குகிறார். சகாதேவன் ஒரு தகரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் படும் பக்கத்துக்கு முதல் இழுப்பை இழுத்தார்.